ஒரு கணிப்பொறிக்குள் மற்றொரு கணிப்பொறி

ஒவ்வொரு செயலியும் தனக்குரிய கட்டளைத் தொகுதியை மட்டுமே அறியும். ஆதலின், ஒரு செயலிக்கென அமைந்த இயங்குதளம் வேற்றினச் செயலியில் நேரே இயங்குவதில்லை. இத்தடையை நீக்குவது எமுலேட்டர் என வழங்கும் மென்பொருள். அது வேற்றுச் செயலியின் கட்டளைகளைப் படித்து, நம் கணிப்பொறி அறிந்த கட்டளைகளாக மாற்றுகிறது. அதன் நினைவகம், துணைக்கருவிகள் ஆகியவற்றைப் போன்றே தானும் நடந்து காட்டுகிறது.

இம்முறை புதியதன்று. 1964ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்-360 கணிப்பொறிகளை அறிமுகம் செய்தபோது, பழைய 1401 இயந்திரத்தின் நிரல்கள் வீணாகாதிருக்க நுண்கட்டளைகளின் துணையுடன் இவ்வழியையே கைக்கொண்டது.

புதிய செயலிகளுக்கும் இது பயன்படுகிறது. ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைத் தழுவிய ‘சக்தி’ செயலிகள் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவானவை. பிரெஞ்சு அறிஞர் ஃபாப்ரீஸ் பெல்லார் தொடங்கிய ‘கியூஎமு’ என்னும் கட்டற்ற மென்பொருளில் 2021ஆம் ஆண்டில் சக்தியின் சி-வகை அமைப்பும் சேர்க்கப்பட்டது. அதிலுள்ள பொதுவான ரிஸ்க்-ஃபைவ் மாதிரியில் லினக்ஸ் இயங்குதளத்தையும் இயக்கலாம். எனவே சூரியநெல்லி போன்ற தேயிலை மலையூரில் பயிலும் மாணவர், சக்திச் சில்லு கையில் இல்லாமலே, சாதாரணக் கணிப்பொறியில் அதற்குரிய நிரலை எழுதிப் பிழை திருத்த இயலும்.

ஆயினும் இதற்கு வரம்பு உண்டு. கட்டளைகளை மாற்றும் வேலையால் வேகம் குறையும். உண்மைச் சில்லின் வேகமும் மின்செலவும் இதில் புலப்படா. இறுதிச் சோதனை சில்லின்மீதே நடைபெறுதல் வேண்டும். கற்கத் தொடங்குவதற்கோ அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை.