25 ரூபாய் தேசபக்தி

செப்டம்பர் 5 என்றால் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் தினம். ரோஜாப்பூ, பேனா, வாழ்த்து அட்டை என்று காலையிலேயே அமர்க்களப்படும். 1872இல் அதே நாளில்தான் ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சிதம்பரம் பிள்ளை பிறந்தார். பிரேயரில் அது ஒரு வரியாக வந்து போகும். சில பள்ளிகளில் அந்த ஒரு வரியும் கிடையாது.

சென்னை கிண்டி காந்தி மண்டப வளாகத்தில், சிறையில் அவர் இழுத்த செக்கை வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வந்த பிள்ளைகள் அதைச் சூழ்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மாடு இழுக்க வேண்டியதை மனிதர் இழுத்தார் என்று கேட்டதும் முகம் வாடிவிடும். மாடு இழுக்கும் செக்கையே பார்க்காத பிள்ளைகள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கடையில் விற்கும் மரச்செக்கு எண்ணெய்தான். ஏன் இழுக்க வைத்தார்கள் என்று யாராவது கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிடுகிறது.

பதில் அந்தக் கல் செக்கில் இல்லை, ஒரு கம்பெனியின் கணக்கில் இருக்கிறது. 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கெடுத்தார். மீதிக்கு வ.உ.சி. ஊர் ஊராக அலைந்தார். இன்று ஐ.பி.ஓ. வந்தால் படுத்த படுக்கையில் செல்போனிலேயே விண்ணப்பித்துவிடுகிறோம். அன்று 25 ரூபாய் என்பது கூலிக்காரர் பல மாதம் உழைத்துச் சேர்க்க வேண்டிய தொகை. அதைக் கேட்டு வாசலில் நின்றவர், வக்கீல் தொழிலில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த மனிதர்.

1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. கொழும்புத் தடத்தைத் தன் கைக்குள் வைத்திருந்த பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது; கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொள்கிறோம், கையில் ஒரு குடையும் தருகிறோம் என்கிற அளவுக்கு இறங்கியது. ஓசிக் குடையை வேண்டாமென்று சொல்லிவிட்டுக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. எனக்கு அவர்களைத்தான் பார்க்க ஆசை.

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடியில் வெள்ளைக்காரர்கள் நடத்திய கோரல் மில்லின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் அவருடைய சக போராளி சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள், ஊரும் நின்றது. வெள்ளைக்காரர் பக்கம் பேசிய ஒரு பிரமுகரைப் பாதிச் சவரத்தோடு விட்டுவிட்டு நாவிதர் எழுந்துபோன கதையைத் தூத்துக்குடியில் இன்றும் சொல்வார்கள். வேலைநிறுத்தம் வென்றது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை. அப்பீலில் அது குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலை.

அதற்குள் கம்பெனி இல்லை. 1911இலேயே அதைக் கலைத்துவிட்டார்கள். கப்பல் போய்ச் சேர்ந்த இடம், போட்டிக்கு நின்ற அதே பிரிட்டிஷ் கம்பெனி. விற்றவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல, நம்மவர்கள். செக்கைப் பார்த்துக் கலங்குவது நமக்குச் சுலபம், கொடுமை செய்தவன் அந்நியன். கப்பல் விலைபோன கதையை அப்படிச் சொல்லிவிட முடியாது. விழா மேடைகளில் அது பேசப்படாததற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 1961இல் வ.உ.சி.யின் கதையை இயக்குநர் பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' படம்கூட வெளியானபோது வசூலில் தோற்றது.

வெறுப்பை வளர்த்துக்கொண்ட மனிதரும் இல்லை வ.உ.சி. தண்டனையால் பறிபோன வக்கீல் சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்த ஆங்கிலேய நீதிபதி வாலஸின் நினைவாகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். ஓங்கிக் கத்துவதுதான் தேசபக்தி என்று டி.வி. பார்த்துத் தெரிந்துகொள்ளும் பையன்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை.

சிறையிலிருந்து வந்த பிறகு சென்னையில் வறுமை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தியிடம் இருப்பதாகத் தெரிந்து, 1915இல் காந்திக்கே எழுதிக் கேட்டார். கடிதங்கள் பல மாதம் போய்வந்தன. நாட்டுக்காகக் கப்பல் விட்டவர் பணம் கேட்டு எழுத நேர்ந்ததைப் படிக்கும்போது நமக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. கடைசியில் பணம் வந்தது. 347 ரூபாய் 12 அணா. கடல் கடந்து பிழைக்கப்போன சனங்கள், நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவருக்காகப் போட்ட காசு. அந்த 12 அணாவை யார் யார் போட்டிருப்பார்கள்?