ஊசியை எடுக்கும் முன் பில்லை எடுங்கள்

சங்கரன்கோவில் வெயிலுக்கு லெதர் ஜாக்கெட் எதற்கு என்று கேட்கலாம். ராணுவத்திலிருந்தும் வடநாட்டு வேலையிலிருந்தும் லீவுக்கு வருகிறவர்களும், புல்லட்டில் கொடைக்கானல் கிளம்பும் இளைஞர்களும் அதை வாங்கத்தான் செய்கிறார்கள். வருடத்தில் சில நாள் போடுகிற உடைக்கு ஆயிரக்கணக்கில் செலவு. அதில் ஒரு தையல் விட்டால் உடனே கை போவது ஊசிக்கோ ஃபெவிக்விக்குக்கோதான். அந்த அவசரத்தில் உடையோடு உரிமையும் கெட்டுப்போகிறது.

யார் பொறுப்பு?

உண்ணி கடித்த புள்ளி, முள் கீறி ஆறிய கோடு போன்றவை அசல் தோலில் இருக்கும். அவை குறை அல்ல. வாங்கிய சில வாரங்களில் தையல் பிரிவது, ஜிப் பல் கழல்வது, சாயம் சட்டையில் ஒட்டுவது தயாரிப்புக் குறைகள். ‘அசல் தோல்’ என்று சொல்லி ரெக்சினை விற்பது ஏமாற்று. பாக்கெட் ஓரத்தில் வெட்டுவாயைப் பாருங்கள்: தோலில் நார் நாராக இருக்கும், ரெக்சினில் துணிமேல் பூசிய பூச்சு தெரியும். அந்தப் பூச்சு ஈரக்காற்றில் சிதைந்து உரியத் தொடங்கினால் எந்தப் பாலீஷும் அதைக் காப்பாற்றாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே. கடைக்காரர் இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், சென்னையில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

குறையை உறுதிசெய்யப் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் ஏற்கெனவே பசை தடவியிருந்தால், ‘அவரே கெடுத்துவிட்டார்’ என்று கடைக்காரர் சொல்ல வழி கிடைக்கும். அதனால் முதலில் போட்டோ, பில், எழுத்துப்பூர்வமான புகார். பழுதுபார்ப்பு அதற்குப் பிறகு.

செய்யக்கூடாதவை

தறி ஓடும் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், துணியில் ஊசி பட்ட இடத்தில் நூல்கள் நகர்ந்து ஓட்டை மூடிக்கொள்ளும். தோலில் ஓட்டை மூடாது. புதிதாகக் குத்தினால் அந்த வரியிலேயே கிழியும். ஃபெவிக்விக் இறுகி வெடிக்கும், வெள்ளையாகப் பூக்கும். தேங்காய் எண்ணெய் திட்டாகக் கறுத்துச் சிக்கு வாடை அடிக்கும். பேனா மைக்கு ஸ்பிரிட்டோ நெயில் பாலீஷ் ரிமூவரோ போட்டால் மையோடு மேல்பூச்சும் கரையும். வெயிலில் காயப்போட்டால் தோல் விறைக்கும்.

செய்யக்கூடியவை

கார்த்திகை மழைக்குப் பிறகு பூஞ்சணம் பூத்தால், வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடையுங்கள். பிறகு லேசான சோப்பு நீரில் பிழிந்த துணி; நிழலில் காற்றாட விடுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள். தையல் விட்டிருந்தால் பழைய ஓட்டைகள் வழியாகவே தைக்கச் சொல்லுங்கள். சிறு கிழிசலுக்கு உள்பக்கம் மெல்லிய துணி வைத்து, செருப்பு ஒட்டுகிற சொல்யூஷனால் ஒட்டலாம். அதன் ஆவி தீப்பற்றும், தலைசுற்றும். ஜன்னலைத் திறந்து, அடுப்பிலிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் தள்ளி வையுங்கள். ஜிப் ஏறவில்லையென்றால் முதலில் ரன்னரை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

கடையில் கொடுத்தால்

பழுதுபார்ப்பும் சேவைதான், அதில் குறை வந்தாலும் இதே சட்டம் பொருந்தும். சலவைக்கடைச் சீட்டில் ‘பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருப்பது மட்டும் கடையைக் காப்பாற்றாது. கொடுக்கும்போதே போட்டோ எடுத்து, என்ன வேலை, எவ்வளவு கூலி என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். தெருவோரத் தொழிலாளியிடம் சீட்டு இருக்காது. அவரிடம் வேலையை முன்கூட்டியே விளக்கி, நியாயமான கூலியைப் பேசிவிட்டு, எதிரிலேயே செய்யச் சொல்லுங்கள். புதிய ஜாக்கெட் என்றால் வாரண்டியைக் கேட்டுப் பார்த்துவிட்டு அவரிடம் போங்கள்.