செல்லுலோஸும் ஆவணமும்: வால்பாறையிலிருந்து சில குறிப்புகள்

ஆவணம் என்றதும் அதில் எழுதியிருப்பதை வாசிக்கத்தான் நாம் பழகியிருக்கிறோம். யார் எழுதியது, யாருக்காக, எதை விட்டுவிட்டார்கள் என்ற கேள்விகளையும் ஓரளவு கேட்கக் கற்றுக்கொண்டோம். எழுத்தைத் தாங்கி நிற்கும் காகிதத்தை மட்டும் வாசிப்பதில்லை. அதற்கும் வர்க்கம் உண்டு. இதைச் சொல்ல வேதியியலுக்குள் கொஞ்ச தூரம் போகவேண்டியிருக்கிறது. இலக்கிய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வால்பாறை லைன் வீடுகளின் தகரப் பெட்டிகளில் சங்கச் சந்தா ரசீது, துண்டறிக்கை, சம்பளச் சீட்டு என்று ஏதாவது இருக்கும். எடுத்துக் கொடுக்கும்போதே 'பாத்துங்க, தொட்டா உதிருது' என்பார்கள். காரணம் கேட்டால் மழை என்பார்கள். சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று என்பதால் அதை மறுக்க முடியாது. ஆனால் அதே மழையில் பழைய கணக்குப் பேரேடுகள் இன்றும் புரட்டும்படி இருக்கின்றனவே, அது எப்படி? ஒழுகாத கூரையும் மர அலமாரியும் ஒரு காரணம். மீதிக் காரணம் தாளுக்குள் இருக்கிறது.

காகிதம் என்பது செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி அது. பருத்தியில் ஒரு சங்கிலிக்குச் சில ஆயிரம் அலகுகள் இருக்கும். அமிலமும் ஈரமும் சேர்ந்தால் சங்கிலி நடுநடுவே அறுபடும். சராசரி நீளம் இருநூறு, முந்நூறு அலகுகளுக்கு இறங்கிவிட்டால் தாளை மடித்த இடத்தில் முறியும். இதில் அமிலம் செலவாவதில்லை. ஒரு கண்ணியை அறுத்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. சிதைவிலிருந்தே புது அமிலங்களும் பிறக்கின்றன. குளிரில் இந்த வினை மந்தமாகும் என்பதால் மலை காகிதத்துக்கு நல்லதுதான். ஆனால் அறுப்பதற்குத் தண்ணீர் வேண்டும், அதையும் மலை தாராளமாகத் தருகிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சையும் வந்துவிடும்.

அமிலம் எங்கிருந்து வந்தது? 1807இல் ஜெர்மனியில் இல்லிக் என்பவர், மை பரவாமலிருக்கக் கூழிலேயே ரோசினையும் படிகாரத்தையும் சேர்க்கும் முறையை வெளியிட்டார். ஆலைகள் பிறகு படிகாரத்துக்குப் பதில் அலுமினியம் சல்பேட்டையே கொட்டின. அது ஈரத்தில் அமிலத்தைத் தரும். 1840களில் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டார். மரத்தோடு லிக்னினும் தாளுக்குள் வந்தது. வெயில் பட்ட செய்தித்தாள் மஞ்சளாவது லிக்னினால்தான். காகிதம் மலிந்தது இப்படித்தான். நாளிதழும் துண்டறிக்கையும் ஏழைகளின் கைக்கு வந்ததும் இப்படித்தான். உதிரும் காகிதம் இல்லாமல் நம் அரசியல் அச்சு இல்லை என்பதை மறந்துவிட்டு அதைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நல்ல பேரேட்டுத் தாள் வேறு ஜாதி. கந்தல் துணிக்கூழில் செய்து, ஜெலட்டின் பூசியது. துரையின் கணக்கு நிலைத்தது யாரோ உடுத்திக் கிழித்த துணியின் மேல். ஆக, எதைப் பாதுகாப்பது என்று அதிகாரம் முடிவெடுப்பதற்கு முன்பே, தாள் வாங்கும்போதே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. ஆனைமலைத் தோட்ட வாழ்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியலின் 'ரெட் டீ' (1969) நாவலிடமே போய் நிற்கிறோம். பலர் அதை இரா. முருகவேளின் தமிழில், 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் வாசித்திருப்பார்கள். தொழிலாளி கையில் இருந்த தாள்கள் இவ்வளவு சீக்கிரம் பொடியாகாமல் இருந்திருந்தால் வேறு சிலவற்றிடமும் போயிருப்போம்.

கொங்குநாட்டுக்கு செல்லுலோஸ் அந்நியமானதல்ல. கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் வருகிறது. சிறுமுகையில் மரக்கூழைக் கரைத்து விஸ்கோஸ் நூலாக்கிய ஆலை பவானியில் கழிவைக் கலந்ததும், மக்கள் போராடியதும், கடைசியில் மூடப்பட்டதும் தோழர்களுக்குத் தெரியும். செம்பு கலந்த ஆழ்நீலக் கரைசலில் கூழைக் கரைத்து, அது எவ்வளவு பிசுபிசுப்பாக ஓடுகிறது என்று பார்த்துச் சங்கிலி நீளத்தைக் கணக்கிடுவது அப்படிப்பட்ட ஆலைகளின் அன்றாட வேலை. ஆவணப் பாதுகாப்பு ஆய்வகங்களும் அதையேதான் செய்கின்றன. என்ன, கரைத்த துண்டு திரும்பி வராது. ஆய்வு என்பதே ஒரு சிறு சேதம்.

எளிய சோதனைகளும் உண்டு. ஆய்வக முறைப்படி பி.எச். அளக்க 1 கிராம் தாளைக் கிழித்து 70 மில்லி குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும். ஒரு ரசீதே அந்த எடை இருக்காது என்பதால் நமக்கு அது ஆகாது. எழுத்தில்லாத ஓரத்தில் ஒரு சொட்டு காய்ச்சி வடித்த நீர் விட்டு, காட்டித்தாளை ஒற்றிப் பார்த்தால் போதும். ஐந்து என்பது நான்கானால் அமிலம் பத்து மடங்கு என்று பொருள். ஃபுளோரோகுளூசினால் கரைசலை, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு, ஒரு துளி வைத்தால் லிக்னின் உள்ள தாள் சிவக்கும். இது அமிலம், கறை போகாது. உதிர்ந்து விழுந்த துணுக்கில் மட்டும் செய்யலாம், ரசீதின் மேல் கூடாது.

இதெல்லாம் எதற்கு? பணிக்கொடை விதிப்படி, முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம். சேர்ந்த வருஷம் தகராறானால் பெட்டியில் இருக்கும் பழைய சீட்டுதான் சாட்சி. ஆகவே எதை முதலில் படமெடுப்பது என்ற வரிசையை இந்தச் சோதனைகள் சொல்லும்: சிவந்ததும், பி.எச். ஐந்துக்குக் கீழே நிற்பதும் முதலில். நம் சிற்றிதழ்களின் பழைய கட்டுகளுக்கும் இதுவேதான்.

பலர் உடனே லேமினேஷன் கடைக்கு ஓடுகிறார்கள். வேண்டாம். அமிலம் உள்ளேயே அடைபட்டுவிடும், சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்கவும் முடியாது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் நனைத்து அமிலத்தை முறிப்பது பழகிய கைகளுக்கான வேலை. சங்க முத்திரையின் ஊதா மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும்; வழக்கில் கேட்பதே அந்த முத்திரையைத்தான். கால்சியம் கார்பனேட் கலந்த வெள்ளைத்தாளை ஒவ்வொரு சீட்டுக்கும் இடையில் வைத்து, மழைக்காலத்தில் பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, வெளிச்சுவரை ஒட்டாமல் வைப்பது யாராலும் முடியும்.