குதிரை கொள்வோர் அறிய வேண்டியவை

மல்காஜ்கிரியில் குடியேறிய தமிழர்களாகிய நாம், அண்மையிலுள்ள மௌலா அலியை ஒரு ரயில் நிலையமாகவே அறிவோம். ஹைதராபாத்தில் குதிரைப் பந்தயம் 1868-ஆம் ஆண்டில் தொடங்கியது அங்கேதான். 1886-இல் அது மலக்பேட்டைக்கு மாறியது. பந்தயக் குதிரையை வாங்குவோர் செல்வர். அதன் குலவரிசை ஏட்டில் பதிந்திருக்கும். ஆனால், வண்டிக்கும் திருமண ஊர்வலத்துக்கும் சந்தையிலே குதிரை வாங்குகிறவர் எளியவர். அவருடைய சேமிப்பு முழுவதும் அந்த ஒரு பேரத்தில் அடங்கிவிடுகிறது. அவர் எதைக் கொண்டு மதிப்பிடுவது?

தமிழ்நாட்டிலே ஈரோடு மாவட்டத்து அந்தியூரில், குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடுகிறது. காதுகளின் நுனி உள்நோக்கி வளைந்த கத்தியவார், மார்வார் இனங்களை அங்கே காணலாம். நம் பக்கத்திலோ, நாந்தேட் மாவட்டத்து மாளேகாவ் கண்டோபா யாத்திரை பெயர் பெற்றது; 1956 வரை அவ்வூர் ஹைதராபாத் இராச்சியத்தில் இருந்தது.

சந்தையில் விலையைத் தரகர் உரக்கக் கூறுவதில்லை. துண்டுக்கடியில் விரல்களைப் பற்றிப் பேசுவது பழைய வழக்கம். அருகில் நிற்பவர் அறியாமல் இருவர் ஒப்புவதற்கு அது உதவும். எனினும், சந்தை நிலவரம் அறியாத புதியவருக்கு அதுவே இடராகும். ஆகவே, விரலை நீட்டுமுன் விலங்கை நோக்குதல் வேண்டும்.

முதலாவது, பல். குதிரையின் நடு முன்பற்கள் ஏறத்தாழ 2½ வயதிலும், அடுத்தவை 3½ வயதிலும், ஓரப் பற்கள் 4½ வயதிலும் விழுந்து முளைக்கும். 5 வயதில் வாய் நிறையும். அதன்பின் பல்லின் மேற்குழி தேய்ந்துகொண்டே வரும். இரண்டாவது, நடை. கடினமான தரையில் நேராக ஓட்டிப் பார்த்தால், நொண்டும் குதிரை வலியுள்ள முன்கால் ஊன்றும்போது தலையைத் தூக்கும். மூன்றாவது, சுழி. நம்மவர் இதற்கு மிகுந்த மதிப்பளிப்பர். சுழி விலையை மாற்றும், நொண்டலை மாற்றாது.

நான்காவது, நோய். கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய் 2006-இல் நம் நாட்டில் மீண்டும் தலைகாட்டியது. அது மனிதரையும் பற்றும். நோயுற்ற குதிரையைக் கொன்றுவிட நேரும். எனவே, இரத்தப் பரிசோதனை செய்த கால்நடை மருத்துவரின் சான்று இன்றிப் பணம் கொடுத்தலாகாது.

அமெரிக்க நாட்டிலே கால் மைல் ஓட்டத்தால் பெயர் பெற்ற 'குவார்ட்டர்' குதிரைக்கு 1940-இல் சங்கம் அமைத்துக் குலவரிசையைப் பதியலாயினர். ஏடு நல்ல சாட்சியே. ஆயினும் பல்லையும் காலையும் அங்கும் கண்ணால்தான் பார்த்தறிய வேண்டும்.

இவையெல்லாம் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை. வாங்கிய பின் செய்ய வேண்டியதை நம் வரலாறே கற்பிக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை மன்னர் வாங்கினார் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்றும் எழுதினார். பேணும் முறை இங்குள்ளோர்க்குத் தெரியவில்லை. குதிரை மருத்துவர் இங்கு வருவதை வணிகர் விரும்பவும் இல்லை. குதிரை இறந்தால்தானே மறுபடி விற்க முடியும்!

பொன்னைக் கொடுத்தோர் அறிவைக் கேட்டுப் பெறவில்லை. அரசனுக்கே அது பேரிழப்பாயிற்று. எளியவர் ஒருவர் அத்தகைய இழப்பைத் தாங்குவாரா? ஆதலின், குதிரையின் தீனி, லாடம், மருத்துவம் ஆகியவற்றையும் விற்பவரிடமே கேட்டறிந்து, அதன் பின்னர்க் கயிற்றைக் கையில் வாங்குவதே முறையாகும்.