கண்ட சாப்ட்வேரை ஏத்தாதீங்க... லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் பாஸ்வேர்டு பறிபோகும், உஷார்!

மதுரை,-

'லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் வைரசே வராது' என்று பலரும் நம்பிக்கொண்டு இருக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. வீட்டுக்காரரே கதவை திறந்து விட்டால் பூட்டு என்ன செய்யும்?

தமிழ்நாட்டில் 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி இலவச லேப்-டாப் திட்டம் தொடங்கியது. அப்போது கொடுத்த லேப்-டாப்களில் விண்டோசுடன் 'பாஸ்' லினக்சும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், 'டெபியன்' லினக்சை அடிப்படையாக வைத்து இதை உருவாக்கியது. 'உபுண்டு'வும் அதே குடும்பம்தான்.

சீல் வைத்த குடோன்

இந்த லினக்சுகளுக்கு சொந்தமாக ஒரு சாப்ட்வேர் குடோன் உண்டு. 'ரெப்பாசிட்டரி' என்று பெயர். அங்கிருந்து வரும் சரக்குக்கு டிஜிட்டல் சீல் இருக்கும். சீல் சரியில்லை என்றால் கம்ப்யூட்டரே எச்சரிக்கும். ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அப்டேட்டும் அங்கிருந்தே வந்துவிடும்.

பிரச்சினை எங்கே வருகிறது? பிரிண்டர் டிரைவர், புது பிரவுசர் போன்றவை சில நேரம் குடோனில் கிடைக்காது. உடனே இன்டர்நெட்டில் தேடி, '.டெப்' பைலை இறக்கி கிளிக் செய்கிறார்கள். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்தால் போச்சு. வீட்டு சாவியோடு பீரோ சாவியையும் சேர்த்து கொடுத்த மாதிரி. அந்த பைல் எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

நடந்தது என்ன?

'ப்ரீ டவுன்லோட் மேனேஜர்' என்ற சாப்ட்வேர் கதை இதற்கு நல்ல உதாரணம். 2020 முதல் 2022 வரை, அதன் இணையதளத்துக்கு போன லினக்ஸ்காரர்கள் சிலருக்கு திருட்டு பைல் கிடைத்தது. கேட்ட சாப்ட்வேரும் ஒழுங்காக வேலை செய்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் உள்ளே ஒளிந்திருந்த புரோகிராம் 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி, சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை சுருட்டியது. 2023 செப்டம்பரில்தான் காஸ்பர்ஸ்கை நிறுவனம் இதை வெளிச்சத்துக்கு கொண்டு வந்தது.

2025 ஜூலையிலும் 'ஆர்ச்' லினக்சில் இதே கூத்து. யார் வேண்டுமானாலும் சரக்கு வைக்கலாம் என்ற பகுதியில், பயர்பாக்ஸ் பெயரை ஒட்டவைத்து வில்லங்க சாப்ட்வேர் புகுந்தது. 2 நாளில் கண்டுபிடித்து தூக்கினார்கள்.

என்ன செய்யலாம்?

வெளியில் இருந்து எடுப்பதெல்லாம் தப்பு என்று அர்த்தம் இல்லை. கூகுள் குரோம் கூட அப்படித்தான் வருகிறது. இதை மட்டும் கவனியுங்க:-

* முதலில் குடோனில் தேடுங்க. அதே வேலையை செய்யும் வேறு சாப்ட்வேர் அங்கேயே இருக்கலாம்.

* இல்லை என்றால், தயாரித்த கம்பெனியின் சொந்த இணையதளத்துக்கே போங்க. கண்ட லிங்க்கையும் தொடாதீங்க.

* கம்பெனி 'செக்சம்' எண் கொடுத்திருந்தால் ஒப்பிட்டு பாருங்க. ஒரு எழுத்து மாறினாலும் பைலை அழித்து விடுங்க.

* யாரோ எழுதி வைத்த கட்டளையை அர்த்தம் தெரியாமல் காப்பி அடிக்காதீங்க. 'சூடோ' என்று ஆரம்பித்தால் ரொம்பவே யோசிங்க.

* தனியாக ஏற்றிய சாப்ட்வேருக்கு பெரும்பாலும் அப்டேட் தானாக வராது. நாம்தான் பார்த்து போட வேண்டும்.

* லினக்ஸ் ரொம்ப பழசாகி விட்டதா? வெளியில் அலைவதை விட, புது பதிப்பு போடுவதே நல்லது.

பேங்க் கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டர் என்றால், ஒரு சாப்ட்வேர் இல்லாமல் 2 நாள் இருந்தாலும் பரவாயில்லை. உழைத்து சேர்த்த காசு போனால் திரும்பி வராது.