இணையக் கடைகளும் வாங்குவோர் அந்தரங்கமும்

பொருளை விற்போன் அதனை வாங்குவோனைப் பற்றி எவ்வளவு அறிதல் வேண்டும்? காசு கைமாறப் பொருளும் கைமாறிய காலத்தில் இவ்வினா எழவேயில்லை. பணத்தை எண்ணிப் பெறும் வணிகனுக்கு வாங்குவோன் பெயர்தானும் வேண்டியதில்லை. கடனட்டை வந்தபின் பெயர் தானாகவே அவன் கைக்குச் சென்றது. இணையக் கடை வந்தபின்னரோ பெயரோடு விலாசம், தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் முகவரி, பிறந்த திகதி, சிலவிடத்து ஆண் பெண் என்னும் பால் ஆகியனவும் கேட்கப்படுகின்றன. இவற்றை நிரப்பாதார் அடுத்த படிக்குச் செல்லுதல் இயலாது. கேட்கப்படுவனவற்றுள் விற்பனைக்கு இன்றியமையாதன எவை, வணிகனது பிற இலாபங் கருதியன எவை என்னும் பாகுபாடே இக்கட்டுரையின் பொருளாகும். அமெரிக்காவின் கலிபோணியா மாநிலத்தில் இப்பாகுபாடு நீதிமன்றங்களில் நுணுகி ஆராயப்பட்டுள்ளமையின், அங்கு எழுந்த இரு வழக்குகளை முதற்கண் நோக்குவாம்.

அம்மாநிலத்தின் 1971ஆம் ஆண்டுச் சோங்–பெவர்லி கடனட்டைச் சட்டத்தில் 1990இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அந்நாளிற் கடைகளிற் பயன்பட்ட கடனட்டைச் சிட்டைகளில் விலாசமும் தொலைபேசி இலக்கமும் எழுதுதற்கு இடம் விடப்பட்டிருந்தது. அட்டை வழங்கிய நிறுவனம் அவற்றை வேண்டாதிருக்கவும், இடம் இருத்தலைக் கண்டு கட்டாயமென எண்ணி மக்கள் எழுதிக் கொடுத்தனர். அட்டையில் இல்லாத தனிப்பட்ட விபரத்தை, அட்டைவழிப் பணம் ஏற்றற்கு நிபந்தனையாகக் கேட்டுப் பதிதலை அப்பிரிவு தடைசெய்தது. முதல் மீறலுக்கு 250 டொலரும் பின்னையவற்றுக்கு 1000 டொலரும் தண்டத்தின் மேலெல்லைகளாயின. எனினும் பொருளை வீட்டுக்கு அனுப்புதற்கோ பொருத்திக் கொடுத்தற்கோ விலாசம் கேட்டல் விலக்களிக்கப்பட்டது. விபரம் எதற்காகக் கேட்கப்படுகின்றது என்பதையே சட்டம் அளவுகோலாகக் கொண்டமை ஈண்டு நோக்கற்பாலது.

முதல் வழக்கு வில்லியம்ஸ்–சொனோமா என்னும் வீட்டுப்பொருட் கடை பற்றியது. அங்குக் காசாளர் ஒரு பெண்மணியிடம் தபாற் குறியீட்டெண்ணை மட்டும் கேட்டார். விற்பனை முடிதற்கு அது தேவையென எண்ணி அவரும் கூறினார். தெருவோ வீட்டிலக்கமோ கேட்கப்படவில்லை. ஆயின் அட்டையிலிருந்த பெயரோடு அவ்வெண்ணை இணைத்து, பெருந் தரவுத் தொகுதிகளிற் கணினி கொண்டு தேடி, அவர்தம் வீட்டு விலாசத்தைக் கடை கண்டறிந்தது என்பதே முறைப்பாடு. பல்லாயிரவர்க்குப் பொதுவானதோர் எண் ஒருவரின் தனிப்பட்ட விபரமாகுமோ? ஆகாதெனக் கீழ் மன்றங்கள் கூறின. ஆகுமென மாநில உயர் நீதிமன்றம் 2011 பெப்ருவரியில் ஏகமனதாகத் தீர்த்தது.

இத்தீர்ப்பின் நியாயத்தைக் கணினியியலறிஞர் லத்தானியா சுவீனி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நன்கு விளக்கும். தபாற் குறியீட்டெண், பிறந்த திகதி, பால் ஆகிய மூன்றும் ஒருங்கு சேரின், அமெரிக்க மக்களுள் 87 வீதத்தினரை ஏனையோரினின்றும் பிரித்தறிதல் கூடுமென, 1990ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பைக் கொண்டு அவர் கணித்தார். தனித்தனியே நோக்குமிடத்து இம்மூன்றும் அற்பமானவையே. நம் ஊர்ச் சந்திக் கடைக்காரரும் நம் குடும்ப வரலாறு அனைத்தும் அறிந்தவரன்றோ எனச் சிலர் வினவலாம். அவர் அறிந்தது அவர் நினைவோடு நிற்பது. அவர் வரலாற்றை நாமும் அறிவோம். அதனைப் பிறிதொரு கடையின் கணக்கோடு பொருத்தி விலைக்கு விற்றல் அவர்க்கு இயலாது.

இரண்டாம் வழக்கு அப்பிள் நிறுவனத்தின் இணையக் கடை பற்றியது. இசை முதலியவற்றை இணையவழி இறக்கிக்கொள்வோர் விலாசமும் தொலைபேசி இலக்கமும் கொடுத்தே வாங்கவேண்டியிருந்தது எனவும், அது மேற்கூறிய சட்டத்துக்கு முரண் எனவும் ஒருவர் வழக்கிட்டார். 2013 பெப்ருவரியில் நீதியரசர் நால்வர், இறக்கிக்கொள்ளும் பொருள்களின் விற்பனைக்கு அச்சட்டம் பொருந்தாது என்றனர், மூவர் மாறுபட்டனர். நேரிற் காணும் வணிகன் அட்டையையும் கையொப்பத்தையும் ஒப்புநோக்கலாம். ஆளறி அட்டையைக் காட்டுமாறும் கேட்கலாம். இணைய வணிகனுக்கு அவ்வழிகள் இல்லை, ஆதலின் மோசடி தடுத்தற்கு வேறு விபரங்கள் வேண்டுமென்பது பெரும்பான்மையோர் கருத்து. இக்கருத்து வலிமையற்றதன்று. ஆயினும் மோசடி தடுத்தற்கு வேண்டும் விபரம் எது, அது எத்துணைக் காலம் வைத்திருக்கப்படும், விளம்பரத்துக்கும் பயன்படுமோ என்னும் வினாக்கள் இதனால் விடைபெறவில்லை. வீட்டுக்கு எதுவும் அனுப்பப்படாத விற்பனையில் வீட்டு விலாசம் கேட்கப்படுவது முரணாகவே எமக்குத் தோன்றுகின்றது. அம்மாநிலத்தின் பிற்காலச் சட்டங்கள் 2020 முதல் வாங்குவோர்க்குத் தம் விபரங்களை அறியவும் அழிப்பிக்கவும் உரிமை அளித்துள்ளன.

ஐரோப்பாவில் இவ்வினா இன்னும் கூர்மையாக எழுந்தது. பிரான்சின் புகையிரதச் சீட்டுகளை இணையத்தில் விற்கும் எஸ்.என்.சி.எப். கொனெக்ற் நிறுவனம், பயணியர் தம்மைத் ‘திருவாளர்’ அல்லது ‘திருமதி’ எனக் குறித்தலைக் கட்டாயமாக்கியிருந்தது. மரியாதையாக விளித்தற்கே கேட்கின்றோம் என்றது நிறுவனம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2025 சனவரி 9இல், இவ்விபரம் சீட்டு விற்பனைக்கு இன்றியமையாதது எனத் தோன்றவில்லை எனவும், பாலைச் சுட்டாத பொதுவான மரியாதைச் சொல்லே போதுமெனவும் தெளிவுறுத்தியது. 2018 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியின்படி, நோக்கத்துக்குத் தேவையான அளவே தரவு பெறப்படல் வேண்டும். அவ்விதி சிறியதோர் விபரத்துக்கும் பொருந்துமென்பது இதனாற் புலனாயிற்று.

நம் நாட்டுப் பாராளுமன்றம் இயற்றிய 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தரவு நோக்கத்துக்கு ஏற்ற அளவினதாய் இருத்தல் வேண்டுமென்கின்றது. இவ்வளவுகோலை நம்மவர் முதலிற் பொருத்திப் பார்க்கத்தக்கது தேசிய அடையாள அட்டை இலக்கமாகும். பழைய ஒன்பது இலக்க முறையில் முதலிரண்டும் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பதையும் குறிப்பன. பெண்டிர்க்கு அந்நாளெண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். பன்னிரண்டு இலக்கப் புதிய முறையிலும் ஆண்டு நான்கு இலக்கமாய் விரிந்ததன்றி இவ்வமைப்பு மாறவில்லை. ஆதலின் பொருளனுப்ப விலாசம் பெற்ற கடையொன்று இவ்விலக்கத்தையும் கேட்குமாயின், சுவீனி கூறிய மூன்றையும் ஒப்பன அதன் கைக்கு வந்துவிடுகின்றன. பிறந்த திகதியையும் பாலையும் அது தனித்துக் கேட்க வேண்டியதேயில்லை.