லைன்மேனிடம் சொன்னது புகார் ஆகாது

ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிட்டால் அப்புறம் சிவகாசி அச்சகங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆர்டர் கொடுத்த கடைக்காரர் சேலத்திலோ நாக்பூரிலோ இருப்பார். கடைப் பெயரும் படமும் வாட்ஸ்அப்பில் வரும். டிடிபி போடுபவர் புரூஃப் அனுப்ப, பிழை திருத்தித் திரும்பி வரும். அதற்குப் பிறகுதான் பிளேட். பட்டாசிலும் இதே கதைதான். லோடு ஏற்றிய லாரி கிளம்ப இ-வே பில் வேண்டும். வெளிமாநிலத்துக்குப் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் என்றால் 1 லட்சம் ரூபாய். இணையம் நின்றால் லாரியும் நிற்கும்.

இத்தனை வேலையும் பெரும்பாலும் மாதம் ஐநூறு, எழுநூறு ரூபாய் வீட்டு பிராட்பேண்ட் இணைப்பில்தான் நடக்கிறது. வீட்டின் முன்பக்கம் அலுவலகம், பின்பக்கம் குடும்பம் என்று தொழில் செய்யும் ஊர் இது. விளம்பரத் தட்டிகளோ 100, 200, 300 என்று வேகத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போகின்றன. விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் யாரையாவது கேட்டுப் பாருங்கள், வேகம் போதவில்லை என்பவர் குறைவு. "ரெண்டு நாளா சிவப்பு லைட்டு எரியுது அண்ணாச்சி" என்பவர்தான் அதிகம்.

முதலில் அந்த 100 எம்பிபிஎஸ் எப்படி வருகிறது என்று பார்ப்போம். வீடுகளுக்கு ஃபைபர் கொடுக்கும் ஜிபான் முறையில், இணைப்பகத்திலிருந்து வரும் ஒற்றை இழையில் இறங்குமுகமாக மொத்தம் சுமார் 2,488 எம்பிபிஎஸ் வரும். அதை ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டி 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுத்தால் 32 வீட்டுக்குத் தலைக்கு 78, 64 வீட்டுக்குத் தலைக்கு 39 எம்பிபிஎஸ்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் 100 விற்கப்படுகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பகிர்ந்துகொள்வதால்தான் விலையும் குறைகிறது. ஸ்பிளிட்டருக்கு மேலே நிறுவனம் வெளியுலகத்துக்கு வாங்கி வைத்திருக்கும் அலைவரிசையும் இதுபோலப் பகிரப்படுவதே. ஒரு பகுதியில் இணைப்புகள் கூடும் வேகத்துக்கு நிறுவனம் அதைக் கூட்டாவிட்டால் ராத்திரி எட்டு மணிக்கு எல்லார் வீட்டிலும் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். வேகத்தைச் சோதிப்பவர்கள் அந்த நேரத்தில், வைஃபையில் அல்லாமல் லான் கேபிளில் மடிக்கணினியை இணைத்துச் சோதிக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீட் செயலி கைபேசியில் இயங்குவது. வைஃபை வழியாக அது காட்டும் வேகத்தில் உங்கள் வீட்டுச் சுவரின் குற்றமும் கலந்திருக்கும்.

அடுத்தது "அன்லிமிடெட்". வரம்பே இல்லை என்று நினைத்துத்தான் எல்லோரும் பணம் கட்டுகிறார்கள். ஆனால் ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் மாதம் 3,300 ஜிபி என்ற நியாயப் பயன்பாட்டு வரம்பு பொடி எழுத்தில் இருக்கும். கம்பியில்லாத ஏர்ஃபைபர் வகையில் 1,000 ஜிபி என்பது பரவலாக உள்ள வரம்பு. 3,300 ஜிபி என்றால் நாளொன்றுக்கு 110 ஜிபி. சினிமா பார்க்கும் குடும்பத்துக்கு அது ஏராளம். எச்டி படம் மணிக்கு 3 ஜிபி அளவில்தான் எடுக்கும்.

வேகம் கூடும்போதுதான் விஷயமே இருக்கிறது. 30 எம்பிபிஎஸ் இணைப்பை இரவு பகலாக முழு வேகத்தில் ஓட்டினால் 3,300 ஜிபி தீர பத்து நாள் ஆகும். 100 எம்பிபிஎஸ்ஸில் மூன்று நாள். 1 ஜிபிபிஎஸ் இணைப்பில் ஏழரை மணி நேரம்கூட ஆகாது. அதிக விலை கொடுத்து வேகமான திட்டத்துக்கு மாறும்போது வரம்பும் கூடுகிறதா என்று பாருங்கள். கூடவில்லை என்றால் நீங்கள் வாங்கியது வரம்பை விரைவாகத் தொடும் வசதி.

இந்தப் பகுதியில் வரம்பைத் தின்பது சினிமா அல்ல, கண்காணிப்பு கேமரா. காட்சியை உள்ளூர் டிவிஆர் பெட்டியில் பதிந்தால் டேட்டா செலவில்லை. கிளவுடுக்கு ஓயாமல் அனுப்பும் கேமரா ஒன்று 2 எம்பிபிஎஸ் எடுத்தால் மாதம் சுமார் 650 ஜிபி. குடோனைச் சுற்றி அப்படி ஐந்து கேமரா மாட்டினால் 3,250 ஜிபி போய்விடும். ஏறுமுகமாகப் போகும் டேட்டாவும் கணக்கில் சேருமா என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரம்பு முடிந்தபின் என்ன வேகம் என்பதுதான் விலையைவிட முக்கியமான கேள்வி. இதில் உங்களுக்கு உரிமை இருக்கிறது. டிராய் 2016 அக்டோபர் 31 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, வரம்பு எவ்வளவு, அதுவரை என்ன வேகம், அதற்குப் பின் என்ன வேகம் என்பதை நிறுவனம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 50, 90, 100 சதவீதத்தை நீங்கள் தொடும்போது எஸ்எம்எஸ்ஸிலோ மின்னஞ்சலிலோ எச்சரிக்க வேண்டும். வரம்புக்குப் பின்னும் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக் கூடாது. ஆனால் அந்த 512 இன்று எதற்கு உதவும்? 1 ஜிபி அச்சுக் கோப்பை 30 எம்பிபிஎஸ்ஸில் நாலரை நிமிடத்தில் இறக்கலாம். 512-இல் நாலேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். மத்திய அரசே 2023 ஜனவரியில் பிராட்பேண்ட் என்ற பெயருக்கான குறைந்தபட்ச வேகத்தை 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்திவிட்டது. அதற்குக் கீழே இறங்கும் திட்டத்தை பிராட்பேண்ட் என்று விற்பது என் பார்வையில் நியாயமே இல்லை.

அச்சகக்காரர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: அப்லோடு வேகம் எவ்வளவு? டிவி கேபிள் வழியாக வரும் இணைப்புகளில் இறங்குமுகம் வேகமாகவும் ஏறுமுகம் நத்தையாகவும் இருப்பது வழக்கம். புரூஃப் அனுப்பும் தொழிலில் இருப்பவருக்கு அது பயன்படாது.

இனி நம்பகத்தன்மை. இங்கே ஃபைபர் பெரும்பாலும் மண்ணுக்குள் போவதில்லை. மின்கம்பத்துக்கு மின்கம்பம் தொங்கியபடி போகிறது. உயரமாக லோடு ஏற்றிய லாரி தட்டும், மரக்கிளை விழும், சாலைப் பணி ஜேசிபி தோண்டும். தோண்டுவதற்கு முன் கேபிள் வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தகவல் போக 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியை 2023 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்தது. ஒப்பந்தக்காரர் பயன்படுத்தினால்தான் பலன். மின்வெட்டும் உண்டு. பழைய செம்புக் கம்பி தொலைபேசிக்கு இணைப்பகத்திலிருந்தே மின்சாரம் வந்ததால் கரண்ட் போனாலும் பேச முடிந்தது. ஃபைபரில் உங்கள் வீட்டுப் பெட்டிக்கு நீங்கள்தான் மின்சாரம் தர வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் மினி யுபிஎஸ் ஒன்று காப்பாற்றும், தெருவிலுள்ள நிறுவனப் பெட்டிக்கும் பேட்டரி இருந்தால். இணையம் நின்றுவிட்டால் இ-வே பில்லை எஸ்எம்எஸ் மூலமும் எடுக்கலாம். அதற்குக் கைபேசி எண்ணை முன்பே பதிந்து வைக்க வேண்டும். சீசனுக்கு முன் பதியுங்கள்.

பட்டாசு ஆலை வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: இரும்புக் கம்பி சேர்த்த கேபிளை மருந்து அறைகளுக்கு மேலாகவோ பக்கத்திலோ இழுக்க விடாதீர்கள். மின்னல் இறங்கும் ஊர் இது. ரவுட்டர் அலுவலகத்தோடு நிற்கட்டும்.

இணைப்பு அறுந்தால் நம் வழக்கம் என்ன? லைன்மேனுக்குப் போன் போடுவோம். நம்ம ஊர்ப் பையன், பழக்கமானவர். "பசங்க வந்துட்டிருக்காங்க அண்ணாச்சி" என்பார். சில சமயம் ஒரு மணி நேரத்தில் வந்து ஒட்டவைத்துவிட்டும் போவார். எந்தக் கால்சென்டரும் அப்படி ஓடி வராது. ஆனால் அவர் வராத நாலாவது நாள், நீங்கள் புகார் செய்ததற்கு உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது. உள்ளூர் கேபிள்காரர் பெரும்பாலும் உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் கூட்டாளி மட்டுமே. அந்த நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணிலோ செயலியிலோ பதிந்து புகார் எண் வாங்கினால்தான் விதிப்படி கடிகாரம் ஓடத் தொடங்கும்.

அந்தக் கடிகாரத்துக்குப் பலன் உண்டு. டிராயின் 2006 விதியிலேயே, மூன்று வேலை நாளுக்கு மேல் பழுது நீடித்தால் ஏழு நாள் கட்டணமும், ஏழு நாளைத் தாண்டினால் பதினைந்து நாள் கட்டணமும், பதினைந்தைத் தாண்டினால் ஒரு மாதக் கட்டணமும் கழித்துத் தர வேண்டும் என்று இருந்தது. 2024 ஆகஸ்டில் வெளியாகி அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சேவைத்தர விதிகள், மூன்று நாளுக்கு மேல் சரிசெய்யாத பழுதுக்கு பிரீபெய்டு வாடிக்கையாளர்களுக்கும் இழப்பீடு உண்டு என்கின்றன. பணம் கட்டிய ஏழு நாளில் இணைப்பு தர வேண்டும் என்பதும் அதில் உள்ளது. 500 ரூபாய்த் திட்டத்தில் ஏழு நாள் கழிவு 117 ரூபாய்தான்; பெரிய தொகை இல்லை. ஆனால் அதைக் கேட்டு வாங்கிய பதிவுதான் அடுத்த படிக்கு ஆவணம்.

புகாருக்குச் சரியான தீர்வு வரவில்லையா, அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். சிறிய நிறுவனத்திடம் இணைப்பு வாங்குபவர்கள், அப்படி ஓர் அதிகாரி அங்கே உண்டா என்று சேரும் அன்றே கேட்டுவிடுங்கள். டிராய்க்கு நேரடியாக எழுதுவதில் பயனில்லை. தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை. தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர் எண் 1063. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்கு நுகர்வோர் மன்றத்துக்கு வராது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டி நிறுவனங்கள் பல ஆண்டுகள் தப்பித்தன. 2022 பிப்ரவரி 16 அன்று வோடஃபோன் ஐடியா வழக்கில், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை தடைபடவில்லை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம், வக்கீல் கட்டாயமில்லை. சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் மனு போடலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

தொழில் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் சட்டப்படி நுகர்வோர் அல்ல. சுயதொழிலாகத் தானே உழைத்து அதில் பிழைப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒற்றை ஆளாக டிடிபி கடை நடத்துபவர் போகலாம். நாற்பது பேர் வேலை செய்யும் ஆலைக்கு அந்தக் கதவு திறப்பது கடினம். அதோடு வீட்டுத் திட்டத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் நிறுவனம் அதையே காட்டித் தட்டிக்கழிக்கும். லாரியை அனுப்ப வேண்டிய அலுவலகம், பழுது நீக்கும் நேரத்தை எழுத்தில் தரும் வணிகத் திட்டத்தையோ, வேறு வழித்தடத்தில் வரும் இரண்டாவது இணைப்பையோ வைத்துக்கொள்வது நல்லது. ஒரே கம்பத்தில் தொங்கும் இரண்டு கேபிளும் ஒரே லாரியில்தான் அறும்.

ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்று யாராவது வந்தால், வரம்புக்குப் பின் என்ன வேகம், அப்லோடு எவ்வளவு, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வரும், உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்பதை எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் மாதாமாதம் கட்டுவதே பாதுகாப்பு. சிவப்பு விளக்கு எரியும்போது லைன்மேனையும் கூப்பிடுங்கள், அதற்கு முன் புகார் எண்ணை வாங்கிக் குறித்துவிட்டு.